சம்மட்டியும் மூன்று வண்ணத் தாளும்

என் தம்பிக்குக் கோபம் வந்தால் முதல் வேலையாகக் கையில் இருக்கிற சுத்தியலைக் கீழே வைப்பான். அதைப் பார்த்ததும் கராஜில் இருக்கிற அத்தனை பேரும் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். சுத்தியலோடு அடித்தால் ஆள் செத்துப்போவான், வெறுங்கையால் அடித்தால் பிழைத்துக்கொள்வான் என்று அவனுக்கு ஒரு கணக்கு. அதைத் தன்னுடைய தர்மம் என்று வேறு பெருமையாகச் சொல்லிக்கொள்வான். தர்மமாம், மண்ணாங்கட்டி! அவன் வெறுங்கை பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் தாடையைக் கட்டிக்கொண்டு கஞ்சி குடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவன் வேலை, இடிபட்ட காரில் டொக்கு எடுப்பது, அதாவது பள்ளம் விழுந்த தகட்டை நிமிர்த்துவது. நசுங்கிப்போன கதவை உள்ளே ஒரு இரும்பைக் கொடுத்து வெளியே தட்டித் தட்டி, பள்ளத்தில் பட்டி பூசித் தேய்த்துக் கொடுத்தால், வண்டி இடிபட்டதென்று சொந்தக்காரனே நம்பமாட்டான். ஆனால் அவன் அடித்துப் பள்ளமாக்கிய மனுஷ முகங்களை நிமிர்த்துவதற்குத்தான் ஆள் இல்லை. ஊரில் அவனுக்குச் சம்மட்டி என்று பெயர். அதே கராஜின் மூலையில் தையல் மெஷின் போட்டுக் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள் நான். அவனுடைய அக்கா. எனக்கு மட்டும் பொறுமை பொங்கி வழிகிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. எனக்கு வாய் முந்தும், அவனுக்குக் கை முந்தும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே மகள். ஒன்பது வயது. சின்ன வயதில் யார் கையை நீட்டினாலும் கடித்துவைப்பாள், அதனால் எறும்பு என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. அவள் முன்னால் மட்டும் என் தம்பி ஈரத்துணி மாதிரி ஆகிவிடுவான். அவள் முதுகில் ஏறி உட்கார்ந்து காதைப் பிடித்துத் திருகினாலும் சிரிப்பான். அந்த எறும்புக்குத்தான் ஆஸ்துமா வந்தது.

முதலில் சளி என்றோம். பிறகு குளிர்ந்த தண்ணீர் குடித்ததால் என்றோம். ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவள் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு, கண் இரண்டும் பிதுங்க, பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தை எந்தப் பகையாளியும் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே வரிசையில் நிற்கச் சொன்ன வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்து என் தம்பி சுவரில் வைத்து அழுத்தியதையும் சொல்லவேண்டும். அந்த மனுஷன் கால் தரையில் படாமல் தொங்கினான்.

பிள்ளையைத் தேற்றி அனுப்பும்போதுதான் ஒரு நர்ஸம்மா எங்களை உட்காரவைத்து, மூன்று வண்ணத்தில் கட்டம் போட்ட ஒரு தாளை எடுத்து, எறும்பின் பெயரை மேலே எழுதி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நிரப்பினார். பச்சைக் கட்டத்தில், நன்றாக இருக்கிற நாளிலும் காலையும் ராத்திரியும் விடாமல் எடுக்கவேண்டிய பழுப்பு இன்ஹேலர். மஞ்சளில், இருமலும் இழுப்பும் ஆரம்பித்தால் நீல இன்ஹேலர் எப்படி, எவ்வளவு என்பது. சிவப்பில், பேசவே முடியாமல் போனால் என்ன செய்வது, எப்போது ஆம்புலன்சைக் கூப்பிடுவது என்பது. கடைசியில் ஒரு பெட்டி. எதெல்லாம் இவளுக்கு இழுப்பைக் கிளப்புகிறதோ, அதையெல்லாம் எழுதுவதற்கு.

"பஞ்சுத் தூசி," என்றாள் தம்பி பெண்டாட்டி. எங்கள் வீட்டுக்குக் கீழேயே மெத்தைக் கடை. பழைய மெத்தையைப் பிரித்து, மெஷினில் கொடுத்துப் பஞ்சை அடித்து, மறுபடி அடைத்துக் கொடுப்பார்கள். படிக்கட்டு முழுவதும் எப்போதும் பஞ்சு பறக்கும். நர்ஸம்மா எழுதினார். குப்பை எரிக்கிற புகை. எழுதினார். குளிர்காற்று, பெயின்ட் நெடி, ஓட்டம். எல்லாம் எழுதினார்.

"இதுல இருக்கிறது வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும். அப்பா, நீங்களும்தான்."

"நமக்கு எதுக்குங்க? அவ அம்மா இருக்கா, எங்கக்கா இருக்குது. என் வேலையை நான் பார்த்துக்கறேன்," என்றான் தம்பி. சொல்லிவிட்டுத் தாளை வாங்கி அந்தக் கடைசிப் பெட்டியை மட்டும் விரலை வைத்து வைத்துப் படித்தான். அவன் முகம் போன போக்கே சரியில்லை. யார் யாரை அடிக்கவேண்டும் என்று டாக்டரே சீட்டு எழுதிக்கொடுத்த மாதிரி அவன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வேறு எந்த மடையனாவது ஒரு மருத்துவத் தாளை இப்படிப் படிப்பானா? பச்சை, மஞ்சள், சிவப்பு எதுவும் அவன் கண்ணில் படவில்லை. பெட்டி ஒன்றுதான் பட்டது. அடுத்த வாரமே தெருமுனையில் குப்பையைக் கொளுத்தியவனின் தலையை அந்தக் குப்பைத் தொட்டிக்குள்ளேயே அமுக்கினான். அந்த ஆள் புருவம் கருகி ஓடினான். பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திப் புகைபிடித்த டிரைவரின் வாயிலிருந்து சிகரெட்டைப் பிடுங்கி, அந்த ஆளின் உள்ளங்கையிலேயே அணைத்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து, பெயின்ட் நெடி வீசுகிற சட்டையோடு மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "உனக்காக அப்பா என்ன பண்ணினேன் தெரியுமாடா?" என்று கதை சொன்னான். அவள் இருமிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டா, பெயின்ட் நெடின்னும் அதுல எழுதியிருக்குதே, உன் சட்டையை யாருடா அடிக்கிறது?" என்று கேட்டேன்.

"போக்கா, உனக்கு எப்பவும் கிண்டல்தான்."

கிண்டலாம்!

மிச்சம் இருந்தது மெத்தைக்கடைக்காரர். தெருவே அவரைப் பஞ்சு என்றுதான் கூப்பிடும். ஐம்பதைத் தாண்டிய, முரட்டு வாய்க்காரர். கடையில் அவருடைய பெண்டாட்டியின் தம்பிகள் இரண்டு பேர் வேலை செய்தார்கள், இரண்டும் எருமைக்கடா மாதிரி. தாளைக் கொண்டுபோய்க் காட்டி, மெஷினைப் பின்பக்கம் தள்ளிப் போடச் சொன்னாள் தம்பி பெண்டாட்டி. பின்பக்கம் கரண்ட் இல்லை, பார்க்கலாம் என்றார் பஞ்சு. அதோடு விட்டிருக்கலாம். நாலு தடவை நல்லபடியாகக் கேட்டிருந்தால் அந்த ஆள் இறங்கிவந்திருப்பார் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

என் தம்பி கேட்கவில்லை. அந்தத் தாளை நகல் எடுத்து, கார்ப் பள்ளத்தில் பூசுகிற பட்டியைக் குழைத்து, விடிவதற்குள் மெத்தைக் கடை ஷட்டரில் அப்பி ஒட்டிவிட்டு வந்துவிட்டான். யாரும் கிழிக்க முடியாதாம். அந்தப் பட்டி காய்ந்தால் கல். ஷட்டரின் மடிப்புகளுக்குள் எல்லாம் இறங்கி இறுகிவிட்டது. காலையில் பஞ்சு வந்து பூட்டைத் திறந்து தூக்கினால் ஷட்டர் அசையவே இல்லை. மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள். கடைசியில் கடப்பாரையால் நெம்பி, தகடு கோணலாகி, பாதி உயரத்தில் மாட்டிக்கொண்டது. பஞ்சு குனிந்து தவழ்ந்து தன் கடைக்குள் போனார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெளியே வந்தவர், வேலைக்குக் கிளம்பிப் படியில் இறங்கிக்கொண்டிருந்த என் தம்பியைப் பார்த்துக் கத்தினார்.

"மூச்சு விடத் தெரியாத ஒண்ணைப் பெத்துவச்சுக்கிட்டு எங்க பொழப்பை ஏண்டா கெடுக்கிற? அவ்வளவு கஷ்டமா இருந்தா அதைத் தூக்கிட்டு எங்கயாவது போய்த் தொலைங்கடா!"

தம்பியிடம் அன்றைக்குக் கீழே வைப்பதற்குச் சுத்தியல் இல்லை, சாப்பாட்டுத் தூக்குதான் இருந்தது. அதை ஓரமாக வைத்தான். அப்புறம் நடந்ததைச் சண்டை என்று சொல்லமுடியாது. பஞ்சின் கழுத்தைப் பிடித்து அந்தக் கோணல் ஷட்டரில் மோதினான். தகடு அதிர்ந்த சத்தம் தெருக்கோடிவரை போனது. மறுபடி மோதினான். வாயில் குத்தினான், பல் தெறித்துக் கீழே வெள்ளைப் பஞ்சுக் குவியலில் விழுந்தது. பெரிய மச்சினன் பஞ்சடிக்கிற தடியால் என் தம்பியின் முழங்காலில் போட்டான். தம்பி தடியைப் பிடுங்கி அவன் கையை முறுக்கித் தரையில் வைத்து மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பஞ்சு எழுந்திருக்கப் பார்த்தார், என் தம்பி அவர் மார்பில் ஏறி உட்கார்ந்து, "யாருக்குடா மூச்சு விடத் தெரியாது? இப்ப விடு! விடுடா பார்க்கலாம்!" என்று தொண்டையை அமுக்கினான். பஞ்சின் முகம் நீலமானது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவனும் கிட்டே வரவில்லை.

நான் மேலே மாடிப்படியில் நின்று, "விடுடா, செத்துடப் போறாருடா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஏதோ கீச்சென்றது. திரும்பிப் பார்த்தால் எறும்பு. பள்ளிக்கூடப் பையோடு படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் படியைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க, காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் கீழே அப்பாமேல் இருந்தது.

நீல இன்ஹேலரை ஸ்பேசரில் மாட்டிக் கொடுத்தேன். ஸ்பேசர் என்றால் போத்தல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழல். ஒரு பக்கம் இன்ஹேலர், மறுபக்கம் பிள்ளையின் வாய். அவள் அம்மா வேலைக்குப் போய்விட்டிருந்தாள். நான்தான் கொடுத்தேன். பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மீண்டாள். கீழே சின்ன மச்சினன் பின்னாலிருந்து இழுத்துத் தள்ளியதால்தான் பஞ்சு பிழைத்தாராம். அதற்குப் பிறகுதான் அந்தத் துரை மூச்சுவாங்க மேலே வந்தான், கையெல்லாம் ரத்தம். "பார்த்தியாடா? இனிமே அந்தாளு மெஷினைத் தொடமாட்டான்," என்றான் மகளிடம்.

நான் அறைந்தேன். மணமாகிப் பிள்ளை பெற்ற தம்பியை, அவன் மகள் எதிரிலேயே, கன்னம் சிவக்க அறைந்தேன். இதற்கு நான் துளியும் வருத்தப்படவில்லை. அவன் திருப்பி அடித்திருந்தால் நான் செத்திருப்பேன். அடிக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தான். அவள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே நர்ஸம்மா. தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு எறும்பிடம் பேசினார்.

"எப்ப வந்தது கண்ணு?"

"காலையில."

"யாரு மருந்து குடுத்தாங்க?"

"அத்தை."

"அப்பா எங்க இருந்தாங்க?"

"கீழ. அடிச்சுக்கிட்டு இருந்தாரு. அப்பா அடிக்கும்போது எனக்கு வந்துடும். குப்பை எரிச்சவரை அடிச்சப்பவும் அப்படித்தான். வேன் மாமாவை அடிச்சப்பவும் வந்துச்சு, நான் சொல்லல."

நர்ஸம்மா பேனாவை எடுத்து அந்தப் பெட்டியில், பஞ்சுத் தூசிக்கும் புகைக்கும் கீழே, இன்னொரு வரி எழுதினார். அப்பா போடும் சண்டை. எழுதிவிட்டுத் தாளை என் தம்பி பக்கம் திருப்பிவைத்தார். பிறகு ஸ்பேசரையும் இன்ஹேலரையும் எடுத்து அவன் முன்னால் வைத்து, "செஞ்சு காட்டுங்க," என்றார். கழற்றிப் போட்ட கார்க் கதவைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவன், ஸ்பேசரைத் தலைகீழாகப் பிடித்து, வாயில் வைக்கிற பக்கத்தில் இன்ஹேலரைத் திணித்தான். பொருந்தவில்லை. இன்னும் அழுத்தினான். எறும்புதான் அவன் கையிலிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்தாள்.

அவன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற வழி முழுக்க, யார் இடித்துக்கொண்டு போனாலும் தலை நிமிராமல் நடந்தான்.

மறுநாள் தொடங்கியது அவன் படிப்பு. ஐயோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! கதவுத் தகட்டைத் தட்டிக்கொண்டே மனப்பாடம் பண்ணினான். "குலுக்கு. மாட்டு. வாயில வை. ஒரு அமுக்கு. அஞ்சு மூச்சு." ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. நான் மெஷினில் இருந்துகொண்டே திடீரென்று கேள்வி கேட்பேன்.

"டேய், இழுப்பு வந்தா படுக்கவைக்கலாமா?"

"படுக்கவைக்கக் கூடாது. நிமிந்து உக்காரவைக்கணும்."

"தண்ணி குடுக்கலாமா?"

"தண்ணி குடுத்து எதுக்குக்கா? காத்துதானே போகணும்!"

கராஜ் பெயின்டர் சிரித்துச் சிரித்து ஸ்பிரே துப்பாக்கியைக் கீழே போட்டான். தம்பி கண்டுகொள்ளவில்லை. வேலை முடிந்ததும் கராஜ் குழாயிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். காலையும் ராத்திரியும் பழுப்பு இன்ஹேலரைத் தன் கையாலேயே கொடுத்து, வாய் கொப்பளிக்கவைத்தான். மூச்சு எவ்வளவு வேகமாக வருகிறது என்று ஊதி அளக்க நர்ஸம்மா கொடுத்த குழாயில் எறும்பு ஊதும்போது இவனும் கூடவே கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவான். ஒரு லாரிக்காரன் வந்து, நாய் என்று ஆரம்பித்து எங்கள் அம்மாவரை இழுத்துத் திட்டினான். தம்பி சுத்தியலைக் கீழே வைத்தான். எல்லோரும் ஒதுங்கினோம். அவன் கழுத்து நரம்பு துடித்தது. பிறகு குனிந்து சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான். குலுக்கு, மாட்டு, வாயில வை. லாரிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை, பைத்தியம் என்று நினைத்து நகர்ந்துவிட்டான்.

எறும்புக்கு இழுப்பு குறைந்தது. ஆனால் பஞ்சு போலீசுக்குப் போகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாயில் தையல் போட்டுக்கொண்டு, பேச்சில்லாமல் கடை வாசலில் உட்கார்ந்து எங்கள் மாடியையே பார்ப்பார். பெரிய மச்சினன் கையில் கட்டு. சின்னவன் என்னைப் பார்த்தால் காறித் துப்புவான். மன்னிப்புக் கேளுடா என்று தம்பியிடம் தலையால் அடித்துக்கொண்டேன். அவனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக, கடை மூடியிருந்த ஒரு நாள் போய், கோணலான ஷட்டரைக் கழற்றி, பட்டியைச் சுரண்டி, தகடு தகடாகத் தட்டி நேராக்கி, எண்ணெய் போட்டு மாட்டிவிட்டு வந்தான். ஒற்றை விரலால் தூக்கினால் ஏறும். அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

பஞ்சுக்கு அது வேறு மாதிரி பட்டுவிட்டது. வாயை உடைத்துவிட்டு, ஷட்டரைச் சரிபண்ணிப் பல்லிளிக்கிறான் என்று மச்சினன்கள் கொளுத்திப்போட்டார்கள். "மூஞ்சியையும் இதே மாதிரி தட்டி நேராக்கித் தருவானாமா?" என்று சின்னவன் டீக்கடையில் கேட்டானாம். எனக்குச் செய்தி வந்தது. தம்பியிடம் சொன்னேன். "வரட்டும்," என்றான். அந்த 'வரட்டும்' எனக்குப் பிடிக்கவில்லை. பழைய ஆள் எட்டிப்பார்த்த மாதிரி இருந்தது.

அவர்கள் வந்தது ஒரு மத்தியானம். பள்ளிக்கூடம் அரைநாளோடு விட்டுவிட்டார்கள். தெருவின் ஒரு கோடியில் பள்ளிக்கூடம், மறுகோடியில் கராஜ், நடுவில் எங்கள் வீடும் மெத்தைக் கடையும். எறும்பு வீட்டுக்கு வரும்போது, கடை வாசலில் பஞ்சும் இரண்டு மச்சினன்களும் தடிகளை எடுத்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறாள். அப்பா பெயர் அவள் காதில் விழுந்திருக்கிறது. என்ன செய்வாள்? அப்பாவிடம் சொல்ல ஓடிவந்தாள். அவர்களை முந்திக்கொண்டு, ஓடக் கூடாத பிள்ளை, அந்தத் தெருவின் புழுதியில், முதுகில் பையோடு ஓடிவந்தாள்.

கராஜுக்குள் அவள் நுழைந்தபோது நான் சீட்டுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். "அ..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. உதடு சாம்பல் நிறம். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. விசில் சத்தம்கூட இல்லை. சத்தம் இல்லாவிட்டால்தான் ரொம்ப ஆபத்து என்று நர்ஸம்மா சொன்னது என் மண்டையில் அடித்தது. நான் எழுந்திருப்பதற்குள் என் தம்பி அவளை அள்ளிக்கொண்டுபோய், வெளிக்காற்று படுகிற மாதிரி வாசல் ஓரமாக ஒரு ஸ்டூலில் நிமிர்த்தி உட்காரவைத்து, எதிரே மண்டியிட்டிருந்தான். பையைக் கிழிக்காத குறையாகத் திறந்து நீல இன்ஹேலரை எடுத்தான்.

"ஆம்புலன்ஸ்! சிவப்புன்னு சொல்லு, பேச்சு வரலைன்னு சொல்லு!" என்று பெயின்டரைப் பார்த்துக் கத்தினான். பெயின்டர் போனை எடுத்தான். ஸ்பேசர் இந்தத் தடவை சரியாகப் பொருந்தியது.

"என் கண்ணைப் பாரு. என்னை மட்டும் பாரு. ஒரு அமுக்கு. இழு. விடு."

அப்போதுதான் அவர்கள் உள்ளே வந்தார்கள்.

முதல் அடி அவன் தோளில் விழுந்தது. சின்னவன் இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டான். என் தம்பி அடியைக் கண்டு திரும்பாமல் இருந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். பிள்ளைக்கு மேல் இன்னும் கொஞ்சம் கவிந்துகொண்டான், அவ்வளவுதான். "இழு. விடு. மூணு. இழு."

"திரும்புடா! திரும்பி அடிடா, ஆம்பளையா இருந்தா!" பெரியவன் கட்டுப்போட்ட கையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் விளாசினான். முதுகில், விலாவில், இடுப்பில். துணி கிழிந்தது, அதற்குக் கீழே தோலும் கிழிந்தது.

"அப்பா..." எறும்பின் உதடு ஸ்பேசருக்குள் அசைந்தது. அவளால் அவன் மார்பைத் தாண்டி எதையும் பார்க்கமுடியவில்லை.

"ஒண்ணுமில்லடா. டொக்கு எடுக்கறாங்க. கார்ல தட்டறாங்க. நீ மூச்சை விடு. இன்னொரு அமுக்கு."

நான் சும்மா நின்றேன் என்று நினைக்கிறீர்களா? சீட்டின் இரும்புச் சட்டத்தைத் தூக்கிச் சின்னவன் முழங்காலுக்குக் கீழே வீசினேன். அவன் அலறிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டான், மெஷின் மேல் விழுந்து என் நெற்றி கிழிந்தது. ரத்தம் கண்ணை மறைக்க எழுந்து அவன் கையைக் கடித்தேன். கடிப்பது எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. "பாவிங்களா, பிள்ளை சாகுதுடா! கண்ணு அவிஞ்சா போச்சு? பிள்ளையைப் பாருங்கடா!" என்று கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பஞ்சு என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. தன் வாயை உடைத்தவனின் முதுகுதான் அவருக்குத் தெரிந்தது. தடியை உயர்த்தி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறக்கினார். எலும்பு உடைந்தது. என் தம்பியின் வலது கை தொங்கிவிட்டது. ஸ்பேசர் சரிந்தது. அது கீழே விழுவதற்குள் இடது கையால் பிடித்து மறுபடி அவள் வாயில் வைத்தான். இன்ஹேலரை அமுக்க இன்னொரு கை இல்லை. தாடையை அதன்மேல் வைத்து அழுத்தினான். அவன் காதிலிருந்து ரத்தம் ஸ்பேசரில் சொட்டியது.

"இழுடா. என் தங்கம்ல. விடு. இழு."

பஞ்சு அடுத்த அடிக்குத் தடியை ஓங்கி, ஒரு பக்கமாக நகர்ந்தார். அப்போதுதான் அவருக்குப் பிள்ளையின் முகம் தெரிந்தது. சாம்பல் உதடும், சொருகிய கண்ணும், தாடையால் மருந்தை அமுக்கிக்கொண்டிருக்கிற அப்பனும். ஓங்கிய கை அங்கேயே நின்றது. பெரியவன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தான். பஞ்சு திரும்பி அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

"நிறுத்துடா!"

தையல் போட்ட வாயிலிருந்து சரியாக வரவில்லை, ஆனால் அவன் நிறுத்தினான். பெயின்டர் தெருவுக்கு ஓடி ஆம்புலன்சுக்கு வழி காட்டக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். பஞ்சு தடியோடு அப்படியே நின்றார். என் தம்பிக்கு அடி நின்றதுகூடத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவன் பாட்டுக்கு அமுக்கினான், எண்ணினான், அமுக்கினான்.

எத்தனை நேரம் போனதோ, பிள்ளையின் நெஞ்சுக்குள் மறுபடி விசில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக நான் சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. தோள் இறங்கியது. அவள் ஸ்பேசரைத் தள்ளிவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா... உன்னை... அடிக்க..."

"பேசாதடா. மூச்சை விடு. அப்புறம் சொல்லலாம்."

"இல்லப்பா!" அவளுக்கு அழுகை முட்டியது. இவ்வளவு தூரம் ஓடிவந்ததே அதைச் சொல்லத்தானே! மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "உன்னை அடிக்கறதுக்கு மெத்தைக்கடை மாமாங்க தடி எடுத்துக்கிட்டு வர்றாங்கப்பா, நீ ஓடிடு!"

என் தம்பி அவளையே பார்த்தான். முகத்தில் ஒரு பாதி ரத்தம்.

"என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு. நிறுத்தாம சொல்லு."

"உன்னை அடிக்கறதுக்கு மெத்தைக்கடை மாமாங்க தடி எடுத்துக்கிட்டு வர்றாங்கப்பா!"

"அக்கா, கேட்டியா?" அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், அழுதுகொண்டே சிரித்தான். "நடுவுல எங்கயுமே நிக்கலைக்கா! ஒரே மூச்சுல சொல்லிட்டா!"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கே வரவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சு எங்களுக்குப் பின்னால் தடியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். அப்பா மறைத்ததில் அவரைப் பார்க்காத எறும்பு, இரண்டு கையையும் அப்பாவின் மார்பில் வைத்துத் தள்ளினாள்.

"சிரிக்காதப்பா. அவங்க வர்றதுக்குள்ள ஓடுப்பா."